பாயின்ட் மூணு தெரியாத பத்தாம் வகுப்பு

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வேதிவினைகளின் வகைகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கரைசலின் பி.எச். மதிப்பைக் கண்டுபிடிக்க அதில் சூத்திரம் கொடுத்து, கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் அயனிகளின் செறிவுக்கு 10-ஐ அடிமானமாக வைத்து மடக்கை எடுத்து, அதற்கு எதிர்க்குறி போட வேண்டும். சரி, அந்த மடக்கையைப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், கிடைக்காது. பழைய சமச்சீர்ப் புத்தகத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. 2018-ல் புத்தகம் மாறியபோது அதைப் பதினோராம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அறிவியல் வாத்தியார் கேட்கிறார்; கணக்கு வாத்தியார் இன்னும் சொல்லித் தரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு பிள்ளை மனப்பாடம் செய்கிறது.

பதினொன்றில் கணக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வருடம் தள்ளியாவது விஷயம் புரியும். பத்தோடு ஐ.டி.ஐ.க்குப் போகிறவனுக்கும், கணக்கு இல்லாத குரூப் எடுக்கிறவளுக்கும் எப்போதுமே புரியாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அப்படிப் போகிற பிள்ளைகளைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டிலேயே மடக்கை அதிகம் தேவைப்படுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். இவர்கள் குடிக்கிற தண்ணீர், முகர்கிற காற்று, கேட்கிற சத்தம், வீட்டில் வாங்குகிற கடன், எல்லாவற்றையும் அளக்கிற எண்ணுக்குள் மடக்கை உட்கார்ந்திருக்கிறது.

நான் கணக்கு டீச்சர் இல்லை. மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் கழிவுநீர் மாதிரி பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போது காலடிப்பேட்டையில் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பி.எச். கணக்கை அவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும்: “புள்ளிக்கு அப்புறம் எத்தனாவது எடத்துல ஒண்ணு இருக்கோ, அதான் மிஸ் பி.எச்.” 0.01 என்றால் 2. 0.001 என்றால் 3. பரீட்சைக்கு இது போதும். புத்தகத்துக் கணக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. “சரிடா, 0.02 கொடுத்தா?” என்று கேட்டேன். வராந்தா கப்சிப்.

அங்கிருந்துதான் நான் தொடங்குவேன். எட்டாம் வகுப்பிலேயே அடுக்கு படித்துவிட்டார்கள். 10-ஐ இரண்டு முறை பெருக்கினால் 100, நான்கு முறை பெருக்கினால் 10,000, ஏழு முறை பெருக்கினால் ஒரு கோடி. மடக்கை அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறது: ஒரு கோடி வர 10-ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும்? ஏழு முறை. ஆக, ஒரு கோடியின் மடக்கை 7. ஆயிரத்துக்கு 3. ஒன்றுக்கு 0. நூற்றில் ஒரு பங்கான 0.01-க்குக் கழித்தல் 2. இதுவரை சைபரை எண்ணுகிற வேலைதான், ஒருவருக்கும் தடுமாற்றமில்லை.

தடுமாற்றம் நடுவில் இருக்கிற எண்களில் வரும். 2-க்கு மடக்கை என்ன? 10-ஐ எத்தனை முறை பெருக்கினால் 2 வரும்? “ஒரு முறை பெருக்கினாலே பத்து வந்துடுதே மிஸ்” என்பார்கள். நியாயமான கேள்வி. அப்போது நோட்டில் இரட்டித்துக்கொண்டே போகச் சொல்வேன்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024. கடைசி எண்ணைப் பார்த்ததும் பையன்களுக்கு முகம் மலரும். “ஒரு ஜி.பி.ன்னா 1024 எம்.பி.” செல்போன் கற்றுக்கொடுத்தது. பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1024. மூன்று பத்துகளைப் பெருக்கினால் 1000. கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து இரண்டுகள் மூன்று பத்துகளுக்குச் சமம் என்றால், ஓர் இரண்டு எத்தனை பத்து? பத்தில் மூன்று பங்கு. 0.3. கிளார்க்ஸ் டேபிள் என்கிற மடக்கை அட்டவணையைத் திறந்தால் 0.3010 என்று இருக்கும். வெறும் பேனாவால் இரண்டு நிமிடத்தில் அதன் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இதைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். பெருக்கல் இங்கே கூட்டலாகிவிடும் என்பதால் 4-க்கு 0.6, 8-க்கு 0.9. “அஞ்சுக்கு?” என்று கேட்டபோது, 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5, ஒன்றிலிருந்து 0.3 போனால் 0.7 என்று எர்ணாவூரிலிருந்து வருகிற ஒரு பெண் பட்டென்று சொன்னாள். 3-க்குக் கொஞ்சம் தந்திரம் வேண்டும். நான்கு மூன்றுகளைப் பெருக்கினால் 81. அதை 80 என்று வைத்துக்கொண்டால் 8-ம் 10-ம் சேர்ந்து 1.9, அதில் நான்கில் ஒன்று 0.475. டேபிளில் 0.4771. இனி 0.02-க்குப் போகலாம். 0.01-க்குக் கழித்தல் 2, அதில் 0.3 கூட்டினால் கழித்தல் 1.7. குறியை மாற்றினால் பி.எச். 1.7. அமிலம் இரண்டு மடங்கானது; பி.எச். வெறும் 0.3 இறங்கியது.

இந்த ‘வெறும்’ என்ற சொல்தான் நான் வேலையில் இருந்த காலம் முழுக்க என்னைத் தொந்தரவு செய்தது. சட்டப்படி ஆலைக் கழிவுநீரின் பி.எச். 5.5-லிருந்து 9.0-க்குள் இருக்க வேண்டும். ஆற்றில் விட்டாலும் சரி, கடலோரத்தில் விட்டாலும் சரி. பார்க்க ஒரு குறுகிய சந்து மாதிரி தெரியும். இரண்டு முனைக்கும் நடுவில் மூன்றரைப் படி. மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு, மீதி அரைப் படிக்கு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு முனையில் இருக்கிற ஹைட்ரஜன் அயனி மற்ற முனையில் இருப்பதைப் போல மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் மடங்கு. விதியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, தண்ணீரின் இயல்பு அப்படி. “5.5 இருக்கணும், 5.2 தான் வந்திருக்கு, என்னம்மா பெரிசா?” என்று ஒருவர் கேட்கும்போது, அமிலம் இரட்டிப்பாகியிருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவே.

பி.எச். மீட்டர் வேலை செய்கிற விதமே மடக்கைதான். பஃபர் மாத்திரையை வாலைவடிநீரில் கரைத்து, 4, 7, 9.2 என்று மூன்று பீக்கரில் வைத்து, தினம் காலையில் மீட்டரைச் சரிபார்ப்போம். கண்ணாடிக் குமிழ் வைத்த எலக்ட்ரோடை மாற்றி மாற்றி முக்கினால் அது காட்டுவது மின்னழுத்தம். 25 டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடினாலும் குறைந்தாலும் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். நூறு மடங்கு மாறினால் 118. வெளியே பெருக்கல் நடக்க, கண்ணாடிக் குமிழ் கூட்டலாகப் பதில் சொல்கிறது. டென்மார்க்கின் சோரன்சன் 1909-ல் இந்த அளவுகோலை உண்டாக்கியது ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், கார்ல்ஸ்பெர்க்கில். டியூஷனில் இதைச் சொன்னால் அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

படித்தவர்களே சறுக்குகிற இடம் சராசரி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் கலந்த தண்ணீர் இரண்டு குடுவையில் இருக்கிறது, ஒன்று பி.எச். 3, இன்னொன்று 5. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு லிட்டர் ஊற்றிக் கலந்தால் என்ன வரும்? பதிவேட்டில் 4 என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் குடுவையில் இரண்டாவதைவிட அமிலம் நூறு மடங்கு இருக்கிறது. இரண்டாவது குடுவை அதற்குத் தண்ணீர் மாதிரிதான். கலந்தால் முதல் குடுவையின் அமிலம் பாதியாகிறது. பாதி என்றால் 0.3. விடை 3.3. நாலு என்று எழுதினால் நிஜத்தில் இருப்பதைவிட அமிலத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியதாகிவிடும். யாரும் பொய் எழுதவில்லை, கூட்டி இரண்டால் வகுத்தார்கள்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கிற விஷயம், ஊருக்கென்ன என்று கேட்கலாம். 2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது. அதை வாரி எடுத்து முடிக்குமுன், 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு எண்களைச் சொன்னது. ஆலை வாசல் அருகே காற்றில் அம்மோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், அனுமதி அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், அனுமதி அளவு 5.

இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, எதில் அம்மோனியா அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். 2,090 தான் பெரிது என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒன்று, அடுக்கில் 10⁻⁶. மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று, 10⁻³. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். இரண்டையும் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று மாற்றினால் காற்றில் 2.09 × 10⁻⁶, தண்ணீரில் 4.9 × 10⁻². முன்னால் இருக்கிற இலக்கத்தை விட்டுவிட்டு அடுக்கை மட்டும் பார்த்தாலே நான்கு படி வித்தியாசம். ஒரு லிட்டர் கடல்நீரில் இருந்தது, ஒரு லிட்டர் காற்றில் இருந்ததைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல். அப்படியானால் காற்று பரவாயில்லை என்று அர்த்தமா? இல்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் போவதில்லை. அனுமதி அளவோடு ஒப்பிட்டால் காற்றில் ஐந்து மடங்கு, கடலில் பத்து மடங்கு. மூன்று வேறு வேறு ஒப்பீடுகள், மூன்றுக்கும் அடுக்கு தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு டிவியில் பேசிய ஒருவரும் இதைப் பிரித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கசிவில் மீன் செத்து ஒதுங்கியதிலும் மடக்கை உண்டு. தண்ணீரில் கலந்த அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி, அது மீனை அவ்வளவாகப் படுத்தாது. இன்னொன்று அயனியாகாத அம்மோனியா, செவுள் வழியாக உள்ளே புகுந்து கொல்வது இதுதான். எது எவ்வளவு என்பதைப் பி.எச். முடிவு செய்கிறது. 25 டிகிரி நன்னீரில் பி.எச். 7 என்றால் கொல்லும் உரு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.6 சதவீதம். பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒரு சொட்டு அம்மோனியாகூடப் புதிதாகச் சேராமல், பி.எச். மட்டும் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் விஷம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. உப்புநீரில் இந்தப் பங்கு கொஞ்சம் குறையும். ஆனால் கடலின் பி.எச். எப்போதுமே எட்டைச் சுற்றித்தான். இறால் பண்ணைக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். கழிமுகத்தில் இறால் தடவுகிற அண்ணன்மார்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

அடுத்தது சத்தம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இரவுகளில் பக்கத்துத் தெருக்காரர்கள் தூங்கியது போலத்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75, இரவில் 70. ஐம்பத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் இருபது வித்தியாசம், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று தோன்றும். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு ஆற்றல், இருபதுக்கு நூறு மடங்கு. இரவு அளவுகளின் இடைவெளி 25, அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். எங்கள் தெருக்களில் ஒரு பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் கண்டெய்னர் யார்டு. எந்த விதி யாருக்கு என்பதில் நூறு மடங்கு, முந்நூறு மடங்கு அடங்கியிருக்கிறது. ஆனால் காகிதத்தில் தெரிவது ‘20’, ‘25’ என்ற சாதுவான எண்.

தெருவில் ஒரு லாரி 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி இன்னொன்று வந்து பக்கத்தில் நின்றால்? 150 என்று ஒரு பையன் சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்களுக்கும் விடை தெரியவில்லை. ஆற்றல் இரண்டு மடங்கு. இரண்டு என்றால் 0.3. டெசிபலில் அதைப் பத்தால் பெருக்க வேண்டும், ஆக 3. விடை 78. நான்கு லாரி 81, எட்டு 84, பத்து 85. “மூணு டெசிபல்தான் கூடும்” என்று ஒரு திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால், இப்போது போகிற லாரிகளோடு அதே அளவு இன்னொரு மடங்கு லாரி வரப்போகிறது என்று அதற்கு அர்த்தம். காதுக்கு அது இரண்டு மடங்காகக் கேட்காது என்பதும் உண்மை, காதும் ஏறக்குறைய மடக்கை வழியில்தான் கேட்கிறது. சாலையைக் கடக்கிற பிள்ளைக்கு லாரி இரண்டு மடங்குதான்.

நிலநடுக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கம் 9.1, நாமெல்லாம் தெருவுக்கு ஓடி வந்த 2012 ஏப்ரல் 11 நடுக்கம் 8.6; அந்த அரைப் புள்ளியில் ஆற்றல் ஐந்து, ஆறு மடங்கு குறைந்தது. இரண்டாவது முறை கடற்தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்தது என்பதும் சேர்ந்துகொண்டது. காசிமேடு சுனாமிக்குத் தப்பியது.

வட்டிக்கு வருவோம், வராந்தாவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிற பாடம் இதுதான். மீன் ஏலத்துக்குப் போகிற அம்மா தண்டல் வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ‘அஞ்சு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு, இருபது மாதத்தில் வட்டியே பத்தாயிரம். இது தனி வட்டி. கட்ட முடியாமல் போய், வட்டியையும் அசலோடு சேர்த்து எழுதிக்கொண்டே போனால் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும்? மாதாமாதம் கடன் 1.05 மடங்காகிறது. 1.05-ஐ எத்தனை முறை பெருக்கினால் 2 வரும் என்பதுதான் கேள்வி, அப்படிக் கேட்கும்போதே அது மடக்கைக் கணக்காகிவிட்டது. 2-இன் மடக்கை 0.3010. 1.05-இன் மடக்கை டேபிளில் 0.0212. வகுத்தால் 14.2. பதினான்காம் மாத முடிவில் பத்தாயிரம் 19,799 ஆகியிருக்கும். பத்து வட்டி என்றால் எட்டாவது மாதத்திலேயே இரட்டிப்பைத் தாண்டிவிடும். இரண்டு வட்டிக்கு 35 மாதம். 19,999 ரூபாய் வரும், ஒரு ரூபாய் குறைவு.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல்காரர் சட்டத்தைப் பார்த்து வட்டி சொல்வதில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் வரும் என்ற குறுக்குவழியைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: ஐந்துக்கு 14.4, மூன்றுக்கு 24. அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு மறுபடி அந்த டேபிளைத்தான் காட்ட வேண்டும். 2020 கோடையில் கொரோனா பட்டியலில் ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே முதலிடத்தில் நின்றபோது, ‘எத்தனை நாளில் இரட்டிக்கிறது’ என்று அதிகாரிகள் தினம் பேசினார்கள். அஞ்சு வட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான். யாரும் இரண்டையும் இணைத்துக் காட்டவில்லை.

இந்தக் கரையில் மடக்கை புதிதாக வந்து இறங்குகிற சரக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் நேப்பியர் 1614-ல் முதல் அட்டவணையை அச்சிட்டார், ஹென்றி பிரிக்ஸ் அதை 10-ஐ அடிமானமாக வைத்து மாற்றியமைத்தார். அதற்குப் பிறகு கால்குலேட்டர் வரும்வரை, நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணிக்க மாலுமிகள் புரட்டியது மடக்கை அட்டவணையைத்தான். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். அடுத்த ஜனவரியில் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்ற பேச்சும் உண்டு, அதிலும் மடக்கை இருக்கிறது. ஆயிரம் அருகே ஏறக்குறைய ஏழு எண்ணுக்கு ஒன்று பகா எண். பத்து லட்சம் அருகே பதினாலுக்கு ஒன்று. சைபர் மூன்றிலிருந்து ஆறானது, இடைவெளியும் இரட்டித்தது. அவர் சொன்ன துல்லியம் சரியல்ல என்று ஹார்டி பின்னர் காட்டினார் என்றாலும், ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் சேர்ந்து கண்டடைந்த பாதையில் பாதியைத் துறைமுகக் குமாஸ்தா தனியாக நடந்திருந்தார். 1914 மார்ச் 17-ல் அதே துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறினார். ராயபுரத்தில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் 1993-ல் அமைத்தது. பக்கத்துப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். பஸ் கட்டணம்தான் செலவு.

பாரம் கூடிவிடும் என்று ஆசிரியர் நண்பர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே கணக்கில் ஃபெயிலாகிற பிள்ளைக்கு இதையும் திணிக்கவா என்கிறார்கள். அவர்கள் பயப்படுவது பழைய ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நினைத்து. அதில் ஐந்தாறு விதிகளை அடுக்கி, நிறுவச் சொல்லி, நாலு இலக்க அட்டவணையில் நேர் மடக்கை, எதிர் மடக்கை என்று விரலால் தேட வைத்தார்கள். அந்தப் பாடம் திரும்பி வர வேண்டாம். கால்குலேட்டர் காலத்தில் அட்டவணை தேடிப் பெருக்க யாருக்கும் அவசியமில்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் குறியீடு என்று இப்போதும் ஒரு பகுதி இருக்கிறது, பெரிய எண்ணைப் பத்தின் அடுக்கில் எழுதுவது. அதன் வாலிலேயே நாலைந்து வகுப்பு நேரத்தை ஒதுக்கினால் போதும். சைபரை எண்ணுவது, 1024-ஐ வைத்து 0.3 எடுப்பது, அதைக் கொண்டு பி.எச்., டெசிபல், வட்டி. விதிகளுக்குப் பெயர்கூட வேண்டாம். பதினொன்றில் விரிவாகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

பாரம் என்று சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய ஆலைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் பகுதியில் இந்தக் கூட்டங்களுக்குக் குறைவில்லை; எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்தது. அறிக்கை தமிழில்தான் இருக்கும். அதற்குள் இருக்கிற பி.எச்., டெசிபல் எல்லாம் பதினோராம் வகுப்புக் கணக்கு. கூட்டத்தில் எழுந்து மைக் பிடிக்கிற அக்காக்கள் மூச்சுத்திணறலைப் பற்றிப் பேசுவார்கள், மேடையில் இருக்கிறவர்கள் புள்ளி வைத்த எண்களைப் படிப்பார்கள், இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது இருவருக்கும் கேட்காமலே கூட்டம் முடியும்.

அடுத்த முறை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைத் திருத்த உட்காரும்போது இதை எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை அறிவியல் வாத்தியார்கள் பி.எச். பாடத்துக்கு முன்னால் ஒரு பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டு வாங்கலாம், அதற்கு அரசாணை தேவையில்லை. தேர்வில் வைக்கக் கேள்வி வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, ஐந்து மதிப்பெண்ணுக்குத் தாங்கும்:

ஓர் ஆலையின் கழிவுநீரில் பி.எச். காலையில் 6.1, மாலையில் 5.5. ஆலைச் சாலையில் இரவுச் சத்தம் 67 டெசிபலிலிருந்து 70 ஆனது. (அ) கழிவுநீரில் அமிலம் எத்தனை மடங்காயிற்று? (ஆ) எல்லா லாரியும் ஒரே மாதிரி என்றால், முன்பு நாற்பது லாரி போன சாலையில் இப்போது எத்தனை போகின்றன? (இ) ‘எல்லாம் அனுமதி அளவுக்குள்தான்’ என்கிறார் மேலாளர். அவர் சொல்வது உண்மையா? அவரிடம் நீ கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை எழுதுக.